நாளைக் காலை ஷிப்ட்

எங்கள் கிடங்கு நிறுவனத்தில் எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், எந்தக் கணினி யாரை உள்ளே விடும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. அதை டைரக்டரி என்போம். சர்வருக்குள் ஊழியர்களின் பெயர், படம், போன் எண் எல்லாம் இருக்கும் கிளை கிளையான பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் இல்லாவிட்டால் முதலாளியே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அதைப் பார்த்துக்கொள்வது நானும் மின்னலும். கை அவ்வளவு வேகம் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை வந்ததும் வராததுமாக, ஆளில்லாத ஒரு பழைய கிளையை நீக்கப்போய், கிடங்குத் தொழிலாளர்கள் கிளையையே வேரோடு பிடுங்கிவிட்டான்.

"அக்கா, ஒரு சின்னத் தப்பு நடந்துடுச்சு" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஜன்னல் வழியாப் பாரு உன் சின்னத் தப்பை. லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

பட்டியலின் நகல், அதாவது பேக்கப் இருக்கிறதே என்ற தைரியம்தான். தினமும் எடுக்கிறோம் என்று மார்தட்டிக்கொள்ளும் அந்தப் பேக்கப்பைத் திறந்தால், பல வாரங்களாக எல்லாமே பழுது. சரியாக எடுக்கவில்லை என்று சர்வர் தினமும் மெயில் அனுப்பியிருக்கிறது. ஒருவரும் படிக்கவில்லை. நல்லபடியாகத் திறந்தது ஒன்றே ஒன்று. அதன் தேதியைப் பார்த்தேன். அது என் தம்பி உயிரோடு இருந்த வாரம்.

தம்பியும் இங்கேதான் வேலை செய்தான், இரண்டாம் வாசலில் சரக்கு இறக்கும் இடத்தில். ஷிப்ட் முடிந்து வண்டியில் வீட்டுக்கு வரும்போது லாரி மோதிவிட்டது. அவன் பெயரை டைரக்டரியிலிருந்து எடுக்கச் சொல்லி நிர்வாகத்திலிருந்து சொன்னபோது, என் கையால் வேண்டாம் என்று மின்னலிடம் விட்டுவிட்டேன். அதை மட்டும் அவன் மெதுவாகச் செய்தான்.

எங்களிடம் சர்வர்கள் இரண்டு. ஒன்றில் நடப்பதை மற்றதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பேக்கப்பிலிருந்து ஒன்றை மீட்டால், இதில் இருப்பதுதான் செல்லும் என்று குறித்துவிட்டுத்தான் இரண்டையும் பேசவிட வேண்டும். இல்லையென்றால் மற்றது, 'அவங்கல்லாம் போயிட்டாங்களே, உனக்குத் தெரியாதா?' என்று சொல்லும், இதுவும் நம்பிவிடும். மின்னல் அவசரத்தில் மீட்டு, குறிக்காமலே பேசவிட்டுவிட்டான்.

பெயர்கள் வந்தன. நடுவில் தம்பி. படத்துக்குச் சிரிக்காதே என்று போட்டோக்காரர் சொன்னதற்காகவே சிரித்திருந்தான் படுபாவி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரை ஒருமுறை புதுப்பித்துக்கொண்டது. ஒருவரும் இல்லை. ஏற்கனவே வெந்த புண், அதில் வேலும் பாய்ந்தது.

"எழுந்திரு" என்றேன் மின்னலிடம்.

மறுபடி நானே உட்கார்ந்து மீட்டேன். மொத்தக் கிளையையும் 'இதுதான் செல்லும்' என்று குறித்தேன். வெளியே கதவுகள் திறந்தன, லாரிகள் நகர்ந்தன. இனி அந்தத் தேதிக்குப் பிறகு வேலையை விட்டுப் போனவர்களை மறுபடி நீக்க வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர்களைச் சேர்க்க வேண்டும். போனவர்கள் மூன்று பேர். இரண்டு பேரை நீக்கினேன். மூன்றாவது தம்பி பெயர். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று எழுந்து போனேன்.

நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மதியம் வழக்கமாக நடப்பது நடந்தது. டைரக்டரியில் இருப்பவர்களுக்கெல்லாம் மறுநாள் ஷிப்டை மெசேஜில் அனுப்பும் ஏற்பாடு ஒன்று எங்களிடம் உண்டு. அது அனுப்பிவிட்டது.

அம்மா போன் செய்தாள்.

"தம்பி போனுக்கு மெசேஜ் வந்திருக்குடி."

அந்தப் போனை அவள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருப்பது எனக்குத் தெரியும். டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"நாளைக்குக் காலைல ஷிப்டாம். ரெண்டாம் வாசலாம். நீ அனுப்புனியா?"

"நான் இல்லம்மா. தப்பா வந்துடுச்சு. இப்பவே எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கற? அது பாட்டுக்கு இருக்கட்டுமே. யாருக்கு என்ன கெடுதல்?"

"அம்மா..."

"எனக்கொண்ணும் புத்தி கலங்கிடல. அவன் வரமாட்டான்னு தெரியும். அந்தப் போன்ல சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு? கேக்க நல்லா இருந்துச்சுடி. தினம் ஒரு தடவை அடிச்சா போதும் எனக்கு."

அவள் கேட்டது ஒரு மெசேஜ். வைர அட்டிகையா கேட்டாள்? அவன் பெயரை அப்படியே விட்டுவிடுவது என்றே முடிவு செய்தேன். யார் கேட்பார்கள் பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு.

கேட்க ஆள் வாசலிலேயே நின்றிருந்தார். தம்பியின் இடத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர். நடுத்தர வயது. சாப்பாட்டுப் பையைக் கீழேகூட வைக்காமல் காலையிலிருந்து நின்றிருக்கிறார். சூப்பர்வைசர்தான் என்னிடம் கூட்டிவந்தார்.

"இவருக்குக் கதவு திறக்கல மேடம். நாளைக்கும் ஷிப்ட் காட்டல. அந்த இடத்துல..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பேக்கப்பில் இவர் எப்படி இருப்பார்? அப்போது இவர் எங்களிடம் வேலைக்கே வரவில்லை. ஓர் இடத்துக்கு ஒரே பணி எண். தம்பி அதில் இருக்கும்வரை இவரைச் சேர்க்க முடியாது.

"என்னை நிறுத்திட்டாங்களாம்மா?" என்றார் அவர். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனா? வீட்ல இன்னும் சொல்லல."

யார் இடத்துக்கு வந்தோம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் வந்து கேட்டிருக்கவே மாட்டார் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நியாயமும் இல்லாத கோபம். அது போனதும் அழுகை வந்தது.

"தப்பு உங்களுது இல்ல. உக்காருங்க. இப்ப சரியாயிடும்" என்றேன்.

"நான் பண்ணட்டுமாக்கா?" என்றான் மின்னல் தாழ்ந்த குரலில்.

"வேண்டாம்."

படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு நீக்கினேன். மற்ற சர்வருக்கும் செய்தி போய்ச் சேரும்வரை காத்திருந்து, அங்கேயும் இல்லை என்று பார்த்துவிட்டு, அதே எண்ணில் புதியவரின் பெயரை அடித்தேன். இரண்டு முறை எழுத்துப்பிழை வந்தது. நாளைய ஷிப்டையும் அவருக்கு அனுப்பினேன். அவர் போன் அடித்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் திரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அன்று அம்மா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் அம்மாவின் அழைப்பு வந்தது. எடுக்காமல் இருக்க முடியுமா?

"மெசேஜ் வரலையேடி இன்னைக்கு" என்றாள்.

சர்வர், எண், வாசலில் நின்றவர் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"நாளைக்கு அவனுக்கு லீவும்மா" என்றேன்.

"சரி. அப்போ தூங்கட்டும்" என்று சொல்லி, போனை வைத்துவிட்டாள்.