காயித் மடை

இப் என்ற மலைநாட்டில் மழை வரவில்லையே என்று யாரும் கவலைப்படுவதில்லை. எப்போது நிற்கும் என்பதுதான் கவலை. பெருமழையின் கடைசி நட்சத்திரமான அல்லான் போகும்வரை ஒவ்வொரு படிவயலின் வடிமடையும் திறந்தே கிடக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வயலைத் தாங்கும் கல்கட்டு சரிந்துவிடும். அது போன பிறகு வருவது வெறும் தூறல். அந்தத் தூறலைச் சோளத்துக்கு நிறுத்த மடையை அடைப்பார்கள். ஒரு நட்சத்திரத்துக்குப் பதிமூன்று நாள். தௌலா நாளுக்கு ஒரு கல்லாக மாடத்தில் போட்டு எண்ணுவாள்.

அந்த வருடம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்தபோது எத்தனை நாள் போனதென்று தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கல்லைப் போட்டாள். மூன்று கல் கூடிவிட்டது. காலையில் புருஷனிடம் சொல்லாமல் தானே போய் மடையை அடைத்தாள். பிற்பகலில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. வயலைப் பார்க்கப் போன அவள் புருஷன் காயித் கட்டுக்குக் கீழே நிற்கும்போது கல்கட்டு சரிந்தது. வயல் மண்ணெல்லாம் கீழ் வயலுக்குப் போனது. அவனையும் அங்கேதான் பிணமாகத் தோண்டி எடுத்தார்கள்.

மடை அடைத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மடை ஆம்பளை வேலை, அதனால் காயித்தான் அடைத்துவிட்டுத் திறக்க மறந்திருப்பான் என்றார்கள். தௌலா வாயே திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன?

கீழ் வயல் காயித்தின் தம்பி முதன்னாவுடையது. ஊர் வழக்கப்படி, சரிந்த மண்ணை விதைப்பு நட்சத்திரம் தெரியும்வரை மேல் வயல்காரர் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கிடப்பது கீழ் வயலுக்கே சொந்தம். முதன்னா கட்டைத் திரும்ப எழுப்பினான், தன் கழுதையையும் கொண்டுவந்தான். மண் மூட்டை ஏற்றும்போதெல்லாம் முணுமுணுப்பான்.

"எங்கண்ணன் வாயில காத் இலைய அடக்கிக்கிட்டா அந்தப் போதையில ஒலகமே மறந்துடும் அண்ணி. உங்கள இப்படி மண்ணு சுமக்க விட்டுட்டுப் போய்ட்டான் பாருங்க."

அவள் குனிந்து அடுத்த மூட்டையைக் கட்டுவாள். குளிர்காலம் முடியும்போது பாதி மண் மேலே ஏறியிருந்தது. விதைப்புக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

அன்று ஊற்றடியில் ஒருத்தி கயிற்றை மறந்துவிட்டு வாளியை மட்டும் எடுத்து வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற கிழவி சிரித்தாள். "என்னடி இது, காயித் மடையா?"

எல்லோரும் சிரித்தார்கள். தௌலா நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. ஒரு வேலையையும் மறந்ததே இல்லை அந்த மனுஷன். காய்ச்சலில் கிடந்தவளுக்கு ஒவ்வொரு நாளும் காப்பித் தோல் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவன். அவன் பெயர் மறதிக்கு மறுபெயராகிவிட்டது.

குடத்தை அப்படியே வைத்துவிட்டு வயலுக்குப் போனாள். முதன்னா மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, மடைய அடைச்சது உங்கண்ணன் இல்ல. நான்தான். நாள் கணக்கு தப்பிப்போச்சு."

அவன் அவளையே பார்த்தான். "கட்டு சரிஞ்ச அன்னைக்கா?"

"அன்னைக்குக் காலைல. அவருக்குத் தெரியவே தெரியாது."

"மாசக்கணக்கா எங்கண்ணன நான் திட்றேன். நீங்க கேட்டுக்கிட்டே மூட்ட கட்னீங்க?"

"பயந்துட்டேன் தம்பி."

"செத்தவன் தப்புன்னுதான் நான் சுமந்தேன். அவன் பாரத்த நான் எறக்கி வைக்கிறேன்னு நெனச்சேன். உங்க தப்புக்கு நான் ஏன் சுமக்கணும்?"

கழுதை மேலிருந்த மூட்டையை அவிழ்த்து மண்ணைத் தன் வயலிலேயே கொட்டினான். கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குச் சொல்லாமலும் இருக்கவில்லை.

பன்னிரண்டு நாளும் தௌலா தலைக்கூடையில் சுமந்தாள். ஒரு பெண்ணின் தலை எத்தனை கூடை தாங்கும்? விதைப்பு நட்சத்திரம் தெரிந்தது. அவள் வயலில் கிட்டத்தட்டப் பாதியில் வெறும் பாறைதான் மிஞ்சியது. கீழ் வயலிலேயே நின்றுவிட்ட மீதி மண்ணில் முதன்னா சோளம் விதைத்தான்.

முதல் மழைக்குப் பிறகு ஊற்றடிக்குப் போனாள். யாரோ ஒருத்தி குடத்துக்குச் சும்மாடு கொண்டுவர மறந்திருந்தாள். தௌலா வருவதைக் கவனிக்காமல் கிழவி கேட்டாள், "என்னடி இது, தௌலா மடையா?"

எல்லோரும் சிரித்தார்கள். தௌலா குடத்தை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டாள். அழுதாள், ஆனாலும் நடையில் தள்ளாட்டம் இல்லை. காயித்தின் பெயரை இனி யாரும் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார்கள்.