முப்பது மாத்திரை சீல்

எங்க ஆஸ்பத்திரியில ஆபரேஷன் முடிஞ்சதும், அறுத்த இடத்துல இருக்கிற வலி எந்திரிச்சு வந்து கட்டில் பக்கத்து ஸ்டூல்ல உக்காரும். பேஷன்ட்டு போட்டிருக்கிற அதே சட்டை. கையில ஒரு மஞ்சப்பை. மாத்திரை கொடுத்தா சுவத்துல சாஞ்சு தூங்கும். குடல்வால் எடுத்த வலின்னா மூணாம் நாள் தானா எந்திரிச்சு, வாசல்ல நிக்கிற பஸ்ல ஏறிப் போயிடும். கண்டக்டர் அதுங்ககிட்ட டிக்கெட் கேக்கிறதில்ல.

ஆனா வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டுல எத்தனை மாத்திரை எழுதியிருக்குன்னு வலி படிச்சுரும். மாத்திரை மிச்சம் இருக்கிற வரைக்கும் போகாது.

எங்க சர்ஜரி சீஃப் ஞானதிரவியம் சார் கையால எழுதுறதே இல்ல. சீல் வச்சிருக்கார். அபின் வகை வலி மாத்திரை, முப்பது. கட்டி எடுத்தாலும் முப்பது, கால எடுத்தாலும் முப்பது. பேஷன்ட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடியே மருந்துச் சீட்டுல எல்லாம் டொப்பு டொப்புன்னு குத்தி வச்சுருவாங்க.

எங்கண்ணன் செந்தட்டிக்குக் குடல்வால் எடுத்தாங்க. மூணாம் நாள் காலையில அவன் வலி மஞ்சப்பையை மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்துச்சு. அப்பதான் சீட்டு வந்துச்சு. எட்டிப் பாத்துச்சு. முப்பது. பையைக் கீழ வச்சுருச்சு.

எங்க கூடவே வீட்டுக்கு வந்துச்சு. பத்தாம் நாளு எங்க எல்லாரு பேரும் அதுக்குத் தெரியும். பதினெட்டாம் நாளு அது கட்டில்ல படுத்துச்சு, அண்ணன் தரையில. "வலிக்குதாண்ணே?"ன்னு கேட்டேன். "இல்ல பிள்ள. மாத்திரை மட்டும் வேணும்"னான். அம்மா "செந்தட்டி"ன்னு கூப்பிட்டா அதுதான் "என்னம்மா"ன்னுச்சு. இருபத்தெட்டாம் நாளு அண்ணனுக்குக் குரலே சரியா வரல.

நான் அந்த ஆஸ்பத்திரியிலதான் கடைசி வருஷம் டாக்டருக்குப் படிக்கிறேன். மறுநாள் புதன்கிழமை. வலி மாத்திரையைக் குறைச்சு எழுதுறது பத்தி டாக்டர்களுக்கே ஒரு வகுப்பு. பாடம் எடுக்க வேண்டியவர் வரல, அவர் எழுதி அனுப்புனதை நீ வாசின்னு என்னை மேடையில ஏத்திவிட்டாங்க. நான் வாசிக்கல.

"சார், உங்கள்ல யாராவது ஒருத்தர் ஸ்டூலப் பாத்து, 'எத்தனை நாளு இருப்பே'ன்னு கேட்டிருக்கீங்களா?"

பின்வரிசையில சமோசா கடிச்ச ரெண்டு வாயி அப்படியே நின்னுச்சு.

"ஏம்மா, பேஷன்ட்டு வலியில கத்தட்டும்னு விடச் சொல்றியா?"ன்னார் சீஃப்.

"வலிக்கிறவனுக்குக் கொடுக்காதீங்கன்னு எவன் சார் சொன்னது? முதல்ல சாதா மாத்திரை கொடுத்துப் பாருங்க. அடங்கலையா, இதை ரெண்டு நாளைக்கோ மூணு நாளைக்கோ எழுதுங்க. எல்லாருக்கும் ஒரே சீல் குத்துறதுக்கு நீங்க எதுக்கு? போஸ்ட் ஆபீஸ் போதுமே."

"வாயி ஜாஸ்தி உனக்கு."

"ஆமா சார். எங்கண்ணன் வாயி போயிட்டிருக்கு. வீட்டுக்கு ஒண்ணாவது வேணும்ல."

வராண்டாவுல நின்ன வலிங்க ஜன்னல் வழியா தலையாட்டுச்சுங்க. சீஃப் அந்த முப்பது மாத்திரை சீலை மேசை டிராயர்ல போட்டுப் பூட்டினார்.

"சரி. இனிமே ஸ்டூல்ல இருக்கிறதுகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறது. நாளைக்கு உங்கண்ணனைக் கூட்டிட்டு வா. அவன்கிட்டயே ஆரம்பிப்போம்."

மறுநாள் அண்ணன், வலி ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனேன். பேஷன்ட்டைப் படுக்கச் சொன்னாங்க ரெஜினா சிஸ்டர். வலி சட்டுன்னு போய்ப் படுத்துருச்சு. அண்ணனுக்கு ஸ்டூல்தான் மிச்சம்.

"சிஸ்டர், அது இல்ல. இவன்தான் எங்கண்ணன்."

"வயித்தைக் காட்டச் சொல்லு."

கட்டில்ல கிடந்தது சட்டையைத் தூக்குச்சு. தையல் தழும்பு இருந்துச்சு. அண்ணன் தூக்கினான். வயிறு வழுவழுன்னு இருந்துச்சு.

சீஃப் குனிஞ்சு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பொறுமையா ஸ்டூலப் பாத்துக் கேட்டார். "எத்தனை நாளு இருப்பே?"

அண்ணன் என்னையப் பாத்தான். "பஸ்ஸு வந்துருச்சா சார்?"

சீஃப் சீட்டுல கையாலேயே ஒரு சைபர் போட்டார். கட்டிலடியில வலி வச்சிருந்த மஞ்சப்பையை அண்ணன் எடுத்துக்கிட்டான். வாசல் வரைக்கும் கூடவே போனேன். கண்டக்டர் அவன்கிட்ட டிக்கெட் கேக்கல.

வீட்டுல அம்மா சோறு போட்டா. கட்டில்காரன் நல்லா சாப்பிட்டான். எனக்குப் பசிக்கல. உள்ள போனேன். என் கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூல் கிடந்துச்சு. அதுல என் சுடிதாரைப் போட்டுக்கிட்டு என் கோவம் உக்காந்திருந்துச்சு. பை எதுவும் கொண்டு வரல. 'எத்தனை நாளு இருப்பே'ன்னு நான் கேக்கல.