காலி வரிசையின் முதல் ஆள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு முசுடு என்று பட்டப்பெயர். வைத்தவன் சீனியர். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பான்? ஆனால் அன்று காலை வந்த கோபத்துக்கு அந்தப் பெயர் போதாது.

கணினியை வைத்துத் தேற்றங்களை நிரூபிக்கும் முதுகலைப் படிப்பு அவளுடையது. நிரூபணத்தில் ஒரு படியைத் தாண்டி ஓடப் பார்த்தாலும் மென்பொருள் சிவப்பைக் காட்டி நிறுத்திவிடும். நச்சரிப்பில் அதனிடம் எந்த மாமியாரும் பிச்சை வாங்க வேண்டும். அவள் ஆய்வேட்டில் இருந்தது ஒரே தேற்றம்: லிஃப்ட் ஓடும்போது கதவு ஒருபோதும் திறக்காது. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. ஆய்வுக்கூடத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் லிஃப்ட் கம்பெனிக்காரர்களும் வருகிறார்கள். அது முடிந்தால் பட்டம். பட்டம் வந்தால் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது இவள் முறை. அதுவரை நான் பார்க்கிறேன் என்று மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள் அக்கா. அடுத்த மாதம் திரும்ப வருவதாகக் கடையில் சொல்லியும் வைத்துவிட்டாள்.

கடைசியாக ஒருமுறை சரிபார்க்கும்போது, கை தவறித் தேற்றத்தைத் தலைகீழாக அடித்துவிட்டாள்: லிஃப்ட் ஓடும்போது கதவு திறந்திருக்கும். மென்பொருள் பச்சை காட்டியது. நிரூபிக்கப்பட்டது என்றது.

ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அப்புறம் திரையை மறுபடி படித்தாள்.

தோண்டிப் பார்த்ததில் அது சீனியரின் கைவரிசை என்று தெரிந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தும் அடிப்படைக் கோப்பில், நிரூபிக்கச் சோம்பல்பட்டு, இப்போதைக்கு வைத்துக்கொள்வோம் என்று ஒரு வரியைச் செருகியிருந்தான்: எந்த வரிசைக்கும் முதல் ஆள் உண்டு. யாருமே லிஃப்டைக் கூப்பிடாத நேரத்தில் வரிசை காலி. காலி வரிசைக்கு முதல் ஆள் எங்கிருந்து வருவான், அவன் மாமா வீட்டிலிருந்தா? இல்லாதவன் இருக்கிறான் என்று ஒருமுறை ஒப்புக்கொண்ட தர்க்கம் அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் தலையாட்டும். உண்மைக்கும் ஆட்டும், பொய்க்கும் ஆட்டும். அந்த வரியை வைத்துப் பட்டம் வாங்கி, அதே கம்பெனியில் வேலையிலும் சேர்ந்துவிட்டான் அந்தப் புண்ணியவான்.

வழிகாட்டிப் பேராசிரியர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"சின்ன விஷயம்மா. அப்புறமா சரி பண்ணிக்கலாம்."

"சார், கதவு திறக்கும்னும் நிரூபிக்குது, திறக்காதுன்னும் நிரூபிக்குது. இது சின்ன விஷயமா?"

"உன் ஆய்வேடும் அந்தக் கோப்பு மேலதான் நிக்குது. அதை நீயே இடிச்சா உனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். எனக்கு ஒண்ணும் ஆகாது. யோசிச்சுப் பேசு."

இதைச் சொல்லும்போது அந்த மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டாமா? நாளைக்கு யாரோ ஒருத்தி கைக்குழந்தையோடு அந்த லிஃப்டில் ஏறுவாள். யாருடைய பட்டத்தை நம்பி ஏறுவாள்?

வெள்ளிக்கிழமை, அறை நிறைய ஆட்கள். முன்வரிசையில் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சீனியர். அவள் தேற்றத்தை ஓட்டினாள். பச்சை. கைதட்டினார்கள்.

"இருங்க, இன்னும் முடியல," என்றாள். எல்லோர் கண் முன்னாலும் தேற்றத்தைத் தலைகீழாக மாற்றி அடித்தாள். ஓட்டினாள். அதற்கும் பச்சை.

"இது ரெண்டுல எதை நம்பி உங்க வீட்டு ஆளுங்களை லிஃப்ட்ல ஏத்துவீங்க?"

சீனியர் செல்போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தான். பேராசிரியர் எழுந்து, "மாணவியின் வேலை முழுமை பெறவில்லை, அடுத்த ஆண்டு மறுபடி வரட்டும்" என்றார். கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிக்காரர்கள் மட்டும் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அந்த வரிய எழுதினவனுக்கு வேலை இருக்கா?"

"இருக்கு."

"அந்த வாத்தியாருக்கு?"

"இருக்குக்கா."

"எனக்குத்தான் போச்சு, இல்ல?"



"நான் படிப்பை விட்டுட்டு வந்துடறேன்க்கா."

"வாயை மூடு. வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழிய உடைச்சுட்டு, இப்போ வீட்டுக்கு வர்றாளாம். அப்பாவை இன்னும் ஒரு வருஷம் நான் பாத்துக்கறேன். கடையில வேற ஆளை எடுத்துக்கட்டும். ஆனா ஒண்ணு. நல்ல காரியம் பண்ணினேன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதடி."

அக்கா போனை வைத்துவிட்டாள்.