பட்டியலில் பதினோரு பேர்

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ‘அச்சாணி’ என்று ஒரு மென்பொருள் இருந்தது. காசு கிடையாது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தி மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்து ஹட்டனுக்குக் கணக்குப் படிப்பிக்க வந்த கோபிசங்கர் மாஸ்டர் 1999இல் தொடங்கி வைத்தது. 2007இல் அதைப் பதினோரு பேர் பராமரிப்பதாக அதன் இணையப் பக்கம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பினால் நம்மைப் போல ஏமாளி கிடையாது. பராமரித்தது கிருஷாந்தி ஒருத்திதான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவள் அவள். மாஸ்டரின் மாணவி. அவர் இடமாற்றம் வாங்கி ஊருக்குப் போனபோது பராமரிப்பவர்களின் பட்டியலை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்களில் ஒருவர் டொரொண்டோவில், இருவர் லண்டனில், ஒருவர் வங்கி மேலாளராகி, இப்படி ஆளுக்கொரு திசை. சண்டையில் யாழ்ப்பாணப் பாதை மூடியபிறகு மாஸ்டரிடமிருந்தும் கடிதம் வரவில்லை.

மாஸ்டர் எழுதி வைத்த விதிகள் இரண்டு. பட்டியலில் பாதிக்கு மேல் ஆட்கள் சம்மதித்தால்தான் புதிய பதிப்பு வெளியே போகும், புதிய பெயரும் உள்ளே வரும். இது முதல் விதி. ஆறு மாதம் சத்தமில்லாமல் கிடக்கிறவரின் பெயரைப் பட்டியல் பார்ப்பவர் எடுத்துவிடலாம் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது விதியைக் கிருஷாந்தி ஒரு நாளும் தொட்டதில்லை.

தொடாததற்குக் காரணம் இருந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயதில், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அப்பா நல்லமுத்து காய்ச்சலில் விழுந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குணமாகி, பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வந்து வேலைக்கு நிற்கிறவர்களோடு நின்றார். எல்லாப் பெயரையும் கூப்பிட்டார்கள். அவர் பெயரைக் கூப்பிடவில்லை. வராத ஆள் என்று வெட்டிவிட்டிருந்தார்கள். தோட்டத்தில் பெயர் வெட்டுவதென்றால் வேலையோடு குடியிருக்கும் லயத்து அறையும் போவது என்று அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தவள், வராதவர் பெயரை எப்படி வெட்டுவாள்? நல்ல மனசுதான். நல்ல மனசு எத்தனை காரியத்தைக் கெடுக்கிறது என்று நாம் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

2007இல் புதிதாக வந்த கம்ப்யூட்டர்களில் அச்சாணி நொண்டியது. ‘கொழுந்து’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றது. பாடசாலைகளிலிருந்து முறைப்பாடு மேல் முறைப்பாடு. இதைச் சரி செய்யாவிட்டால் அச்சாணியை எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கிருஷாந்திக்குத் தெரிந்தது. அப்போதுதான் அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்து ஆபீசில் வேலை செய்த பூரணி, தானாகவே ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள். கிருஷாந்தி போட்டுப் பார்த்தாள். கொம்பு ஒழுங்காக இடத்தில் போய் உட்கார்ந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறு பேர் சம்மதம் வேண்டும். இரண்டுதான் வந்தது. ஒன்று அவளுடையது, மற்றது டொரொண்டோக்காரர் படித்துப் பார்க்காமலே ‘அருமை’ என்று எழுதியது. பூரணியின் பெயரைச் சேர்க்கவும் அதே ஆறு வேண்டும். பூரணி சும்மா இருக்கவில்லை. மாதத்துக்கு ஒரு திருத்தம் அனுப்பினாள். போனிலும் பேசினாள்.

“மிஸ், வராதவங்க பேர எடுத்துருங்களேன். நாம ரெண்டு மூணு பேரா நடத்திக்குவோம்.”

“வருவாங்க அக்கா. கொஞ்சம் பொறுங்க.”

ஒருவழியாக மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிருஷாந்தி எல்லோருக்கும் எழுதினாள்: ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் பெயர் எடுக்கப்படும். இரண்டே நாளில் எட்டுப் பதில்கள். ‘என் பெயர் இருக்கட்டும், விரைவில் வருவேன்’ என்று எட்டும் ஒரே பாட்டு. திருத்தத்தைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அவளோ, இத்தனை பேர் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று பூரித்துப் போய், பதில் போடாத இருவரையும்கூட வெட்ட மனமில்லாமல், மறுபடியும் காத்திருக்க உட்கார்ந்தாள். ஒருவரும் வரவில்லை. ஒரு வருடம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிறு பகல் மாஸ்டரே யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தார்.

“பிள்ளை, என்ர பேர் இன்னும் கிடக்குதெண்டு கேள்விப்பட்டன். ரெண்டு வருசமா நான் கம்ப்யூட்டரைக் கண்ணாலயும் காணேல்ல. ஏன் வச்சிருக்கிறீர்?”

“உங்க பேர நான் எப்படி சார் வெட்டுறது?”

“அதுக்குத்தானே அந்த விதியை எழுதினனான். என்ர பேரை முதல் எடும். பேர் நிறைஞ்சு கிடந்தா வாற ஆக்களுக்கு இடம் எங்க?”

அவள் அழுதுகொண்டே எடுத்தாள். முதலில் மாஸ்டருடையது, பிறகு மற்ற ஒன்பதும். பட்டியலில் ஒரே பெயர் மிஞ்சியது. பாதிக்கு மேல் என்றால் இனி அவள் ஒருத்தியே போதும். பூரணியின் பெயரைச் சேர்த்தாள், திருத்தங்களோடு புதிய பதிப்பை வெளியிட்டாள், அடுத்த நாளே நேரில் சொல்ல அக்கரப்பத்தனைக்குப் பஸ் ஏறினாள்.

பூரணி ஆபீஸ் வாசல்வரை வந்து கூட்டிக்கொண்டு போனாள். தேத்தண்ணீர் கொடுத்தாள். முழுவதையும் கேட்டாள்.

“சந்தோசங்க மிஸ். ஆனா நான் அத விட்டு நாலு மாசமாச்சு. பேரு வேணாங்க.”

“கோவமா அக்கா?”

“அப்ப இருந்துச்சு. இப்ப இல்லீங்க. எங்க ஆபீசுக்கு வேற ஒண்ணு போட்டுக் குடுத்திருக்காங்க. ஸ்கூல்லயும் அதத்தான் பாவிக்கிறாங்க.”

“அது நல்லா வேல செய்யுதா?”

“நீங்களே அடிச்சுப் பாருங்க.”

கிருஷாந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். கொழுந்து, தோட்டம், கௌரி, பொழுது என்று கொம்பு வருகிற சொல்லாகத் தேடித் தேடி அடித்தாள். எங்காவது ஒரு எழுத்தாவது பிசகாதா என்று ஒரு முழுப் பக்கம் அடித்துத் தீர்த்தாள். ஒரு பிழையும் அகப்படவில்லை. பூரணி பின்னால் நின்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, வேலை கிடக்கிறது, கொஞ்சம் எழும்புகிறீர்களா மிஸ் என்று மெதுவாகக் கேட்டாள்.