பின்னால் வரும் வண்டி

சடையாண்டி எங்கள் சிவப்பு வண்டிக்கு டிரைவராக வந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. டிரைவர் என்றால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், வெற்றிலையைத் துப்பிவிட்டு "போவமா பாய்" என்பார், வண்டி நகரும். நான் அப்படிப்பட்ட டிரைவர்களோடு காலம் தள்ளிய கண்டக்டர். இந்த மனிதரோ வண்டியைச் சுற்றி நடந்தார். டயர் ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னிலையில் தரையில் படுத்து வண்டியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு ஒரு சாக்கிலிருந்து கனத்த இரும்புச் சங்கிலியை எடுத்து சீட்டுக்கு அடியில் போட்டார்.

"என்னண்ணே, வழியில யானை எதுவும் பிடிக்கப் போறமா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "வண்டின்னா சங்கிலி இருக்கணும் பாய்" என்றார்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஆள். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். காஷ்மீர் மலைப்பாதையில், பனியில் சக்கரத்துக்குச் சங்கிலி சுற்றிக்கொண்டு ஓட்டியவர் என்று சொன்னார்கள். ஐம்பத்தாறாம் வருஷம் ஊருக்கு வந்துவிட்டார். வந்து வருஷம் திரும்பியும் வேலை அமையவில்லை.

அமையவில்லை என்று சொல்வதும் சரியில்லை. பட்டாளத்தான் ஊருக்கு வந்தால் அவனுக்கு ஒரே வேலைதான் என்று திண்டுக்கல்லே சேர்ந்து முடிவு கட்டி வைத்திருந்தது. பூட்டுப் பட்டறையில் போய்க் கேட்டால் வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்றார்கள். சுருட்டுக் கம்பெனியிலும் அதே பேச்சு. வேலைக்குப் பதிய மதுரைக்குப் போனால், வரிசையில் முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்து, "ஆளு வாட்டசாட்டமா இருக்கீங்களே, காவலுக்குப் போகலாமே" என்றானாம். மீசையைப் பார்த்தார்களே தவிர, அவர் கையில் இருந்த டிரைவிங் லைசென்ஸை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அவருடைய மச்சான் ஒச்சப்பன், தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. அங்கே வாசல் கேட்டில் காவல் நிற்க இடம் பேசி வைத்திருந்தார். காக்கி உடுப்பு கொடுப்பார்கள், முதலாளி கார் உள்ளே வரும்போதும் போகும்போதும் விறைப்பாக ஒரு சல்யூட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சடையாண்டி மாட்டேன் என்றுவிட்டார். "நான் கொடிக்கு அடிச்ச சல்யூட்டை ஒரு காருக்கு அடிக்க மாட்டேன்" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தவர், வீட்டுக்காரி முகத்தைப் பார்த்து ஒரே ஒரு படி இறங்கினார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய டிரைவர் கரூர்ப் பக்கம் போய்விட, எங்கள் முதலாளி நாச்சிமுத்து ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார். தேறினால் வேலை. தேறாவிட்டால் திங்கட்கிழமை காலையில் தோல் ஷாப் கேட்டில் நிற்பதாக மச்சானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் சடையாண்டி. கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆளும் இல்லை.

எங்கள் தடம் திண்டுக்கல்லிலிருந்து எரியோடு, கோவிலூர் வழியாகக் குஜிலியம்பாறை. அப்போது அந்த ரோட்டில் இரண்டே வண்டி. பச்சை வண்டி முன்னால் கிளம்பும். அதன் புழுதி அடங்குவதற்குள் நாங்கள் கிளம்புவோம். பிறகு நடப்பதெல்லாம் ஓட்டப் பந்தயம்தான். யார் முந்திப் போய் ஊரில் நிற்கிறார்களோ அவர்களுக்குக் கூட்டம். எங்கள் பழைய டிரைவர் எரியோடு வருவதற்குள் பச்சையை முந்தி, அவன் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுத்தான் பீடியே பற்றவைப்பார்.

சடையாண்டி முந்தவில்லை. பச்சைக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு வந்தார். பச்சை வேகமாகப் போனால் இவரும் வேகம். அவன் மெதுவாகப் போனால் இவரும் மெது. அவன் ஊரில் நின்றால் இவரும் அதே இடைவெளியில் நின்றார். நின்ற கூட்டமெல்லாம் அவன் வண்டியில் ஏறுகிற அழகைப் பார்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் விசிலை ஊதினேன், தகரத்தைத் தட்டினேன், கடைசியில் வாய்விட்டே கத்தினேன்.

"அண்ணே, முந்துங்கண்ணே! ரோடு அகலமாத்தானே கிடக்கு!"

"முன்னால போற வண்டியை முந்தக் கூடாது பாய். பட்டாளத்துல வண்டிக வரிசையாப் போற கான்வாய்ல அதான் சட்டம்."

"இங்க எங்கண்ணே கான்வாய் வந்துச்சு?"

"ரெண்டு வண்டி ஒரே ரோட்டுல ஒரே திசையில போனா அது கான்வாய்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பச்சை வண்டி டிரைவர் இருதயநாதன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டான். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவது போல "வா, வா" என்று ஆட்டிக்கொண்டே போனான். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

சாயந்திரம் டீக்கடையில் வைத்து, அப்படி என்ன பெரிய சட்டம் என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "மலை ஏத்தத்துல ஒருத்தன் அவசரப்பட்டு முந்துனான். அவனும் போயிட்டான், ஓரத்துல போன வண்டியும் போயிருச்சு. ரெண்டு வண்டியிலயும் என்கூடச் சாப்பிட்டவங்க இருந்தாங்க." அன்றைக்கு டீக்காசை நான்தான் கொடுத்தேன். மறுநாளும் பாதி வண்டி காலியாக வந்தபோது மறுபடி கத்தினேன்.

முதலாளி காதுக்குப் போகாமல் இருக்குமா? புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துக் கேட்டார். "ஏப்பா, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, இல்ல நத்தை மாதிரி ஊரத்தான் தெரியுமா?"

"ஓட்டத் தெரியும் மொதலாளி. ஆனா முந்த மாட்டேன்."

இதையே கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சொறிந்துகொண்டு சொல்லியிருந்தால் முதலாளி கொஞ்சம் இளகியிருப்பார். இவர் நெஞ்சை நிமிர்த்தி, கையை இரண்டு பக்கமும் ஒட்ட வைத்துக்கொண்டு சொன்னார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. வாரம் முடியட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை தோல் ஷாப்தான் என்று நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை குஜிலியம்பாறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கோவிலூர் தாண்டி, இரண்டு பக்கமும் உடைமுள் மரத்தைத் தவிர வேறெதுவும் முளைக்காத பொட்டலில், பச்சை வண்டி நின்றுகொண்டிருந்தது. உச்சி வெயில். சனங்களெல்லாம் இறங்கி வண்டியின் நிழலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளம் துள்ளியது. அல்லா கண்ணைத் திறந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"அண்ணே, ஆளுகளை மட்டும் அள்ளிப் போட்டுட்டுப் போயிருவோம். இன்னைக்குத்தான் நம்ம வண்டி நெறையுது!"

அவர் பிரேக்கை மிதித்தார். பச்சைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டார். சங்கிலி சத்தம் கேட்டது.

இருதயநாதன் கரிக்கையோடு நின்றிருந்தான். இத்தனை நாள் ஆட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "டீசல் பம்பு போயிருச்சுண்ணே. நீங்க போங்க. போற வழியில எங்க ஷெட்ல மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே வந்து சொல்லு" என்று சொல்லிக்கொண்டே சடையாண்டி தரையில் படுத்துச் சங்கிலியை மாட்ட ஆரம்பித்தார்.

எதிராளி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன கதையை அந்தத் தடத்தில் யாராவது கேட்டதுண்டா? வயசானவர்களையும் பிள்ளைக்காரிகளையும் எங்கள் வண்டிக்கு மாற்றச் சொன்னார். மற்றவர்கள் பச்சையிலேயே ஏறிக்கொண்டார்கள். நான் டிக்கெட் கட்டைக் கையில் எடுத்தேன்.

"அவங்கதான் டிக்கெட் வாங்கிட்டாங்களே பாய்" என்றார்.

"அது அவன் வண்டி டிக்கெட்டுண்ணே!"

"திண்டுக்கல் போறதுக்குத்தானே வாங்குனாங்க?"

கோவிலூர் மாயம்மாள் என்று ஒரு கிழவி, கூடையில் நாலைந்து கோழிகளோடு என் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கோழி விற்கச் சந்தை சந்தையாய்ப் போகிறவள். வயலின் அந்தக் கடைசியில் நிற்கிறவனை இந்தக் கடைசியிலிருந்து கூப்பிடுகிற தொண்டை அவளுக்கு. "டிக்கெட்டை உள்ள வையி அப்பு, டிரைவரு சொல்றாருல்ல" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி என்னை அடக்கினாள்.

மெதுவாக, ஆட்டாமல் அசைக்காமல், அத்தனை பெரிய பச்சை வண்டியையும் இழுத்துக்கொண்டு வந்தார். ஊருக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். சிவப்பு முன்னால், பச்சை பின்னால், நடுவில் அந்தச் சங்கிலி. எல்லோரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு என்ன ஆனதோ, படியில் தொங்கிக்கொண்டு "வழி விடு, வழி விடு" என்று ஊரைக் கூட்டினேன். அவ்வளவு நேரம் திட்டிக்கொண்டு வந்த அதே வாய்தான். எனக்கு மார்பு விம்மியது, ஒளிப்பானேன்?

பஸ் ஸ்டாண்டில் முதலாளி நின்றிருந்தார். அவருக்கு ஒன்றும் விம்மவில்லை. "எதிராளி வண்டியை எவனாச்சும் இழுத்துட்டு வருவானாய்யா? அம்புட்டு சனத்தையும் ஓசியில வேற ஏத்தியிருக்க! நாளைக்கு நான் வாரேன், எம் முன்னால ஓட்டு. அதோட முடிச்சுக்குவோம்" என்றார். சடையாண்டி அதையும் நிமிர்ந்து நின்றே கேட்டுக்கொண்டார். ஆனால் சங்கிலியைச் சாக்கில் சுருட்டி வைக்கும்போது கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஒரு கேட்டில் காக்கி உடுப்போடு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை முதலாளி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பச்சை வண்டியையும் பழுது பார்த்து எடுத்து வந்துவிட்டார்கள். போகும்போது வழக்கம்தான். திண்டுக்கல்லில் ஏறிய கூட்டத்தில் முக்கால்வாசி அவனுக்கு. குஜிலியம்பாறையில் திரும்பியதும் பச்சை முன்னால் போனது, இவர் அந்த இடைவெளியோடு பின்னால். அவர் முந்தவில்லை. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகக்கூட முந்தவில்லை. நான் விசிலைத் தொடவே இல்லை.

முதல் ஊரில் பச்சை நின்றது. ஆட்கள் நின்றிருந்தார்கள், யாரும் ஏறவில்லை. யாரையோ வழியனுப்ப வந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பச்சை நகர்ந்ததும் எங்கள் வண்டி போய் நின்றது. அத்தனை பேரும் ஏறினார்கள். முதலாளி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அடுத்த ஊரிலும் அதே கதை.

கோவிலூரில் மர நிழலில் நல்ல கூட்டம். பச்சை போய் நின்றது. அதன் கண்டக்டர் இறங்கி, "எடம் கிடக்கு, ஏறுங்க, ஏறுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஒருத்தரும் அசையவில்லை. கூட்டத்துக்கு நடுவில் மாயம்மாள் கூடையோடு நின்றிருந்தாள். அவள் குரல் அந்த இடைவெளியைத் தாண்டி எங்கள் வண்டிக்குள்ளேயே வந்து விழுந்தது.

"நீ போப்பா. எங்க வண்டி பின்னால வருது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலாளி ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, சடையாண்டியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"உன் மச்சான் ஒச்சப்பன்கிட்டச் சொல்லிரு. கேட்டுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லு."

"சரி மொதலாளி" என்றார் சடையாண்டி.

முன்னால் பச்சை வண்டி கிளம்பியது. ஜன்னலிலிருந்து இருதயநாதனின் கை வெளியே வந்தது. எனக்குப் பழைய எரிச்சல் எழுந்தது. ஆனால் அந்தக் கை ஆடவில்லை. மடங்கி, நெற்றிக்குப் போய், விறைப்பாக நின்றது. அவனுக்கு எங்கே தெரியும் முறை, உள்ளங்கை கோணலாகத்தான் இருந்தது.

சடையாண்டி ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்தார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவர் அடித்த முதல் சல்யூட் அதுதான். அடித்துவிட்டு, கூட்டத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, மாயம்மாள் கூடையோடு சரியாக உட்கார்ந்துவிட்டாளா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். நான் விசிலை ஊதினேன். இடைவெளி விட்டு வண்டி நகர்ந்தது.