மினுக்கு வெள்ளையடித்த பெட்டி

தெருவில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மினுக்கு என்றால்தான் தெரியும். தகரமோ அலுமினியமோ, அவன் கைக்குள் போய் வந்தால் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். விளக்குப் பட்டறை வைத்திருந்தான். விளக்குப் பெட்டிகளை வெட்டுவதும் மடிப்பதும் எவனும் செய்துவிடுவான், பாலிஷ் சக்கரத்தில் தேய்க்கிற வேலையை மட்டும் இன்னொருத்தன் கையில் விடமாட்டான்.

அவனுடைய அக்கா பெரிய விளக்குக் கம்பெனி ஒன்றில் வெளிச்சத்தை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தவள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "வீட்டுச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, வந்து என் பட்டறைச் சுவத்தப் பாரு" என்று அவளைக் கூட்டிவந்தவன் மினுக்குதான். கூட்டி வந்த பிறகுதான் உள்ளுக்குள் ஒரு உதறல் எடுத்தது. அவள் எதையும் கண்ணால் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லமாட்டாள். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் நூலகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே வரைபடங்களுக்கென்று தனியாக ஒரு கூடம். பெரிய மேசைகள், மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் விரித்துவைத்த வரைபடங்கள். கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மா நேரிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"வரவங்க யாரும் வரைபடத்தப் பாக்கறதில்லீங்க. மேல தொங்கற விளக்கத்தான் கண்ணாடியில பாக்கறாங்க. கழுத்த இப்படி ஒடிச்சு, அப்படி ஒடிச்சு, கடைசியில எழுந்து போயிடறாங்க."

"பல்பு சின்னதாப் போட்டுடலாம்மா" என்றான் மினுக்கு.

"போட்டுப் பாத்தாச்சு. அப்ப எழுத்தே தெரியலே. பெருசாப் போடவும் வழியில்லே, பழைய வயரிங். இதுக்கு மேல இழுத்தா தாங்காதுன்னு எலெக்ட்ரீஷியன் கையெடுத்துக் கும்பிட்டுட்டார்."

அந்த அம்மா போனதும் அக்கா அலமாரியிலிருந்து கறுப்புக் கண்ணாடி போல ஒரு தாளை எடுத்து விளக்குப் பெட்டியின் வாயில் ஒட்டினாள். கீழே ஒரு கண்ணாடித் துண்டை வைத்தாள். அதில் தெரிந்த பளீர் வெளிச்சம் சட்டென்று அடங்கிவிட்டது. மினுக்கு வாயைப் பிளந்தான்.

"எப்படிக்கா?"

"வெளிச்சம் ஆடிக்கிட்டேதான்டா வரும். கயிறு ஆட்டற மாதிரி. கொஞ்சம் மேலயும் கீழயும், கொஞ்சம் பக்கவாட்டுல. கண்ணாடியில பட்டுக் கண்ணக் குத்தறது முக்காவாசி பக்கவாட்டு ஆட்டம். அத இந்தத் தாள் தின்னுடுது."

"அப்ப வேலை முடிஞ்சுதே!"

அக்கா மீட்டரை அவன் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் பாதிக்கும் கீழே போயிருந்தது. "தின்னுட்டுச் சும்மாவா இருக்கும்? பாதி வெளிச்சம் வீண். அந்தம்மா கேட்டது இதில்லே."

இரண்டு வாரம் கழித்து வேறொரு தாள் வரவழைத்தாள். இது கறுப்பாக இல்லை. ரசம் தேய்ந்துபோன கண்ணாடி போல மங்கலாக முகம் காட்டியது. வேண்டாத ஆட்டத்தை இது தின்னாது, பெட்டிக்குள்ளேயே திருப்பி அடித்துவிடும் என்றாள். உள்ளே போன வெளிச்சம் ஆட்டம் மாறித் திரும்பி வந்தால், இந்தத் தடவை தாள் அதை வெளியே விட்டுவிடும்.

"போனது திரும்பி வருது. அவ்வளவுதானே?" என்று மினுக்கு உற்சாகமாகி, ஒரு பெட்டியின் உட்புறத்தை நாளெல்லாம் தேய்த்தான். அவன் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கே வயசு பத்து குறைஞ்ச மாதிரி தெரியுது, அண்ணி. இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடவா?" என்றாள்.

தாளை ஒட்டி விளக்கைப் போட்டார்கள். மீட்டர் கறுப்புத் தாளுக்குக் காட்டியதைவிடக் கொஞ்சம்போல அதிகம் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

அக்கா பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தணித்து, "தம்பி, உள்ள பாலிஷ் வேணாம். வெள்ளையடிச்சிடலாம்" என்றாள்.

"என்னது?"

"உன் பாலிஷ் ரொம்ப ஒழுங்கு. வந்த ஆட்டத்த அப்படியே திருப்பிக் குடுத்துடுது. அது மறுபடி தாள்ல முட்டித் திரும்பி, முட்டித் திரும்பி, உள்ளயே செத்துப்போகுது. பளபளப்பே இல்லாத வெள்ளைன்னா வெளிச்சத்தக் கண்டபடி சிதறடிக்கும். ஆட்டமும் கலைஞ்சுடும்."

"என் கையில குத்தம்னு சொல்றே."

"குத்தம்னு எங்கடா சொன்னேன்?"

"வெள்ளையடிக்கறதுக்கு மினுக்கு எதுக்கு? சுவத்துக்கு அடிக்கறவனக் கூப்பிடு."

சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வெளியே போய்விட்டான். அவன் மனைவி அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "பசிச்சா வந்துடுவார்."

பசித்ததும் வந்தான். அதற்குள் பெண்கள் இருவரும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். பட்டறையில் அவனும் பெட்டியும்தான். சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தான். எத்தனை அழகாகத் தேய்த்திருந்தான்! அக்கா சொன்னது பொய்யென்று காட்டிவிடவேண்டும் என்றுதான், சத்தியமாக அதற்காகத்தான், கையைக் கழுவிவிட்டு வந்து படம் வரைகிற வெள்ளைத் தாளை அளவாக வெட்டி உள்ளே நாலு பக்கமும் அடியிலும் ஒட்டினான். விளக்கைப் போட்டான்.

மீட்டர் விறுவிறுவென்று ஏறியது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தான். அதே அளவு. சாதாரணக் காகிதம், பசைகூடச் சரியாகக் காயவில்லை. கண்ணாடித் துண்டைக் கீழே வைத்து, கண் கூசாமல் அதன் அடியில் கிடந்த செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படித்தபோது அவனையும் மீறிச் சிரிப்பு வந்தது.

அக்கா திரும்பி வந்தபோது அவன் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "பெயின்ட் திட்டுத்திட்டா நிக்கக் கூடாது. மூணு பூச்சு, மெல்லிசா. நான்தான் அடிப்பேன். வேற யாரும் தொடக் கூடாது."

அக்கா காகிதத்தையும் மீட்டரையும் பார்த்தாள். கடையில் வாங்கிவந்த ஆரஞ்சை உரித்துப் பாதியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

வெள்ளையடிப்பது அவன் நினைத்ததுபோல லேசான வேலையாக இல்லை. முதல் இரண்டு பெட்டியில் பூச்சு ஈர மினுமினுப்போடு காய்ந்துவிட்டது. சுரண்டி எறிந்தான். பளபளப்பு வராமல் பார்த்துக்கொள்வதற்கு, வரவழைப்பதற்கு ஆகிற அளவே பொறுமை வேண்டியிருந்தது. தாள் சூட்டில் நெளியாதபடி ஒரு சட்டமும் அவனே யோசித்துச் செய்தான்.

நூலகத்தில் விளக்குகளை மாட்டிய அன்று வரைபடக்கார அம்மா மேசை மேசையாகப் போய் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் முகம் மலர்ந்தது. மூலை மேசைக்குப் போனதும் சுருங்கிவிட்டது.

"இது முன்ன இருந்தத விட மோசமா இருக்கே!"

அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். உண்மைதான், கண்ணாடியில் விளக்கு தகதகவென்று எரிந்தது. "தாள் கெட்டுப்போச்சு போல" என்றாள்.

மினுக்கு பெட்டியைக் கழற்ற ஏணியை எடுத்துக்கொண்டு மேசையின் அடுத்த பக்கத்துக்கு வந்தான். வந்தவன் நின்றான். அவன் நின்ற இடத்திலிருந்து கண்ணாடியில் விளக்கு கண்ணைக் கூசவே இல்லை. ஒரு எட்டு பின்னால் போனான், திரும்பி வந்தான். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அக்கா, இங்க வா. இங்க நின்னு பாரு."

வந்து பார்த்தாள்.

"மத்த மேசையிலெல்லாம் கூடத்தோட நீளவாக்குல உக்காந்து பாக்கறாங்க. இது இடமில்லாம திருப்பிப் போட்டிருக்காங்க, அதனால குறுக்கால உக்காரறாங்க. விளக்கு மட்டும் எல்லாத்தோடயும் ஒரே வரிசை. ஆள் திரும்பிட்டா, பக்கவாட்டும் திரும்பிடுமில்லே?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எனக்குத் தோணியிருக்கணும்டா!"

"எனக்கு மட்டும் மாட்டறப்ப தோணுச்சா?" என்றபடியே ஏணியில் ஏறி, விளக்கைக் கால் சுற்றுத் திருப்பி முடுக்கினான். கீழே அந்த அம்மா, "ஆங்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, கூடத்தில் சத்தம் போடக் கூடாது என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாமான்களைக் கட்டி முடித்து அக்கா வாசல்வரை போய்விட்டாள். பின்னால் ஆளைக் காணோம். திரும்பி வந்தால், மினுக்கு மூலை மேசையில் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவன் எந்த மேசையிலும் இப்படிக் குனிந்து உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. விரல் ஒரு மெல்லிய நீலக் கோட்டின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"போலாமாடா?"

"இரு" என்றான் நிமிராமலே. "இந்த ஆறு மலைக்குப் பின்னாடி எங்கயோ போகுது. எங்க போய்ச் சேருதுன்னு பாத்துட்டு வரேன்."

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள்.