இரண்டு வாய், நாலு சிலிண்டர்

தமிழ்மணி ஒருநாள் தன்னைத் தேடி வந்தே தீருவான் என்று ஹுமேரா மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். வரும்போது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான் என்றுதான் நினைத்திருந்தாள். அவனோ இன்ஜினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகிற அலுமினியக் குழாயான இன்டேக் மேனிபோல்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, தர்மபுரி பைபாஸ் பக்கத்திலிருந்த அவளுடைய வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்தான்.

"என்னம்மா ஹுமேரா, நல்லாருக்கியா? பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. நல்ல வேலை ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

பழசு என்று அவன் சொன்னது அவளுடைய பிழைப்பை. அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் வைக்க சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை அவள் சொல்லிக்கொண்டு திரியவில்லை, மெக்கானிக்குகள் சொன்னார்கள். நல்லம்பள்ளி நஞ்சப்பனின் ஜீப்பில் இன்ஜின் ஹெட் விரிசல் விட்டபோது, அதைக் கழற்றி அவளிடம் கொண்டுவந்தவன் இதே தமிழ்மணிதான். விரிசலை அடைத்துக் கொடுத்தாள். தண்ணீர் ஓடும் துவாரங்களில் துரு அப்பிக் கிடந்ததைப் பார்த்து, ரேடியேட்டரை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினாள். அவன் மாற்றவில்லை. பென்னாகரம் ரோட்டில் ஜீப் கொதித்து, ஹெட் வேறொரு இடத்தில் பிளந்துகொண்டது. நஞ்சப்பன் குடும்பம் உச்சி வெயிலில் நடுரோட்டில் நின்றது. "பொம்பள வச்ச வெல்டிங்குங்க, வேற எப்படி இருக்கும்?" என்று சொல்லி தமிழ்மணி கை கழுவிவிட்டான்.

ஹுமேரா அவன் பட்டறைக்கே ஓடினாள். "விரிசல் புது இடத்துல இருக்குதுங்ணா, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்று நஞ்சப்பனிடம் கெஞ்சினாள். அவர் குனியவில்லை. பத்துப் பேர் பார்க்க, "உன் கைய நம்புனது என் தப்பும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லம்பள்ளிப் பக்கம் அவர் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு அப்படி. அதன்பிறகு பென்னாகரத்திலிருந்து அரூர் வரை ஒரு பட்டறையும் அவளுக்கு வேலை அனுப்பவில்லை. மூன்று வருஷமும் ஜன்னல் கம்பியும் இரும்பு கேட்டும் பற்றவைத்தே காலம் தள்ளினாள். ஒவ்வொரு கேட்டைப் பற்றவைக்கும்போதும் தமிழ்மணியின் வாயைச் சேர்த்துப் பற்றவைப்பதாக நினைத்துக்கொள்வாள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தப்பு என்னுடையது என்று தமிழ்மணி, அதே நஞ்சப்பனின் முன்னால், தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"யார் வண்டிங்ணா?" என்று கேட்டாள்.

"நம்ம நஞ்சப்பண்ணன் வண்டிதான். அவங்கப்பா ஓட்டுன அம்பாசிடர், மார்க் டூ. வெயில்ல தொப்பூர் மேடு ஏறுனா கார்பரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகி நின்னுபோவுது. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளைய அந்த வண்டிலதான் தீர்த்தமலைக்கு அனுப்பணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. கார்பரேட்டரத் தூக்கிட்டு இன்ஜெக்சன் போட்டுத் தரேன்னு ஒத்துக்கிட்டேன்."

பெட்ரோலைப் பீய்ச்சுகிற, வேறு ஏதோ வண்டியின் இன்ஜெக்டர்கள், அதை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் பெங்களூரில் வாங்கி வந்துவிட்டான். மேனிபோல்டில் துளை போட்டு, இன்ஜெக்டர் உட்காரக் கிண்ணம் வைத்துப் பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. சேலத்தில் ஒருவன் ஏற்கெனவே ஒரு மேனிபோல்டை உருக்கிக் குட்டிச்சுவராக்கியிருந்தான். இந்தச் சிரிப்புக்கெல்லாம் காரணம் அதுதான்.

ஹுமேரா மேனிபோல்டைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் காலத்து அம்பாசிடர் இன்ஜினுக்கு சிலிண்டர் நாலு, காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வாய் இரண்டே இரண்டு. ஒரு வாயை இரண்டு சிலிண்டர்கள் பங்குபோட்டுக்கொள்ளும். கார்பரேட்டரில் பெட்ரோல் காற்றோடு கலந்தே வருவதால் தொல்லையில்லை. வாயருகே இன்ஜெக்டர் வைத்துப் பீய்ச்சும்போதுதான் வினை. முதலில் திறக்கிற சிலிண்டர் தேங்கிய பெட்ரோலையெல்லாம் விழுங்கிவிடும், அடுத்ததற்குப் பெரும்பாலும் காற்றுதான் மிஞ்சும். பெட்ரோல் போதாத சிலிண்டர் மேடு ஏறும்போது சூடாகிச் சூடாகிக் கடைசியில் பிஸ்டனே உருகிவிடும். அந்தந்த சிலிண்டர் திறக்கிற நேரம் பார்த்து, பங்கு பிரித்துப் பெட்ரோலை அடிக்க வைக்க வேண்டும். போன வருஷம் ஓசூரிலிருந்து பழைய கார் பைத்தியம் பிடித்த ஒருவர் இதே மாதிரி மேனிபோல்டைக் கொண்டுவந்திருந்தார். ஓட்டை விழுந்த பிஸ்டனையும் மேஜைமேல் வைத்து, தான் பட்ட பாட்டையெல்லாம் அரைநாள் அவளிடம் கொட்டித் தீர்த்திருந்தார்.

"ஏண்ணா, இந்த இன்ஜெக்டரு எந்த நேரத்துல அடிக்கும்?"

"இன்ஜின் சுத்துனா அடிக்கும்."

"ரெண்டு சிலிண்டருக்கு ஒரே வாய்தானே இருக்குது. பங்கு எப்படிப் பிரியும்?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"அது வேற வண்டி கம்ப்யூட்டருங்களே. இந்த இன்ஜினப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

தமிழ்மணியின் சிரிப்பு போய்விட்டது. "இத பாரு. ஓட்டையப் போடு, கிண்ணத்த வையி, பத்த வையி. இன்ஜின் என் வேலை. வெல்டிங் வைக்கற பொம்பளைக்கு இன்ஜினப் பத்தி எதுக்கு?"

மூன்று தரம் கேட்டாயிற்று. ஹுமேராவுக்கு உச்சந்தலை வரை ஏறிய கோபம் சட்டென்று இறங்கி, அந்த இடத்தில் ஒரு குளிர்ந்த சந்தோஷம் வந்து உட்கார்ந்தது. இவனை இவனே கவிழ்த்துக்கொள்ளப் போகிறான், தான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

"சரிங்ணா, செஞ்சு தரேன். ஆனா வெல்டிங் முடிஞ்சதும் தண்ணித்தொட்டில முக்கிக் காட்டுவேன். அதுக்கு வண்டிக்காரரே நேர்ல வரணும். அவர் பாக்காம பொருளு இந்தப் பட்டறைய வுட்டு வெளிய போவாது."

ஜீப் விவகாரத்துக்குப் பிறகு அவள் வைத்துக்கொண்ட சட்டம் அது. மாட்டுத்தொட்டியின் மூடியைப் பற்றவைத்தால்கூட உரியவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பாள்.

பழிவாங்குவதென்றால் வெல்டிங்கைக் கெடுத்துவைக்க வேண்டும் என்று அசடுகள் நினைக்கும். ஹுமேரா அசடில்லை. அந்த மேனிபோல்டில் அவள் வைத்த மாதிரி வெல்டிங்கை வாழ்நாளில் வைத்ததில்லை. குற்றம் சொல்ல ஓர் ஊசிமுனை இடம்கூட இருக்கக் கூடாது. பழி முழுக்க முழுக்க அவன் தலையிலேயே விடிய வேண்டும்.

சோதனைக்கு நஞ்சப்பன் தன் மகள் பிரியதர்ஷினியோடு வந்தார். ஹுமேரா மேனிபோல்டின் எல்லா வாயையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். நஞ்சப்பன் குனிந்து பார்த்தார். மூன்று வருஷம் தாமதமாகத்தான், ஆனாலும் குனிந்தார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"கல்லு மாதிரி இருக்குதும்மா வேலை" என்றார்.

இப்போதாவது சொல்லிவிடலாமா என்று ஹுமேராவுக்குத் தோன்றியது. வெல்டிங் சரிதான், ஆனால் இவன் மாட்டப்போகிற விதம் தப்பு என்று ஒரு வார்த்தை. அதற்குள், "நான் பக்கத்துல நின்னு சொல்லிச் சொல்லி செய்ய வச்சதுங்க" என்று தமிழ்மணி முந்திக்கொண்டான். நஞ்சப்பனும் தலையாட்டினார். நாக்கு நுனி வரை வந்ததை ஹுமேரா விழுங்கிவிட்டாள்.

அவள் கணக்கு இதுதான். இன்ஜினில் கை வைத்த எந்த மெக்கானிக்கும் வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் தொப்பூர் மேட்டில் ஏற்றிப் பார்ப்பான். நஞ்சப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து தமிழ்மணி ஏற்றுவான். பாதி மேட்டில் புகை கக்கிக்கொண்டு நிற்பான். போகிற வருகிற லாரிக்காரனெல்லாம் அவனைப் பார்த்துச் சிரிப்பான். அந்த நினைப்பே அவளுக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் போதுமானதாக இருந்தது.

தமிழ்மணி மேட்டுப்பக்கமே போகவில்லை. டவுனுக்குள் சமதரையில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "தேன் மாதிரி ஓடுதுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் நஞ்சப்பனிடமிருந்து போன் வந்தது. "தமிழ்மணி பட்டறைக்கு வா. வந்து பதில் சொல்லு."

அவள் போனபோது அம்பாசிடர் பானெட் திறந்து கிடந்தது. பின்பக்க பம்பர் ஒரு ஓரம் மடங்கியிருந்தது. முந்தின நாள் மத்தியானம் சேலத்திலிருந்து அத்தை சாலம்மாளைக் கூட்டிக்கொண்டு வண்டியை ஓட்டி வந்தவள் பிரியதர்ஷினி. தொப்பூர் மேட்டில் வெடிச் சத்தம் கேட்டு, புகை கிளம்பி, வண்டி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் பாரம் ஏற்றி வந்த லாரிக்காரர் கடைசி நொடியில் திருப்பியதில் பம்பரோடு போயிற்று. அந்தப் பெண் ஓட்டுவாள் என்பது ஹுமேராவின் கணக்கில் இல்லை.

"வெல்டிங்ல காத்து லீக்குங்க" என்று தமிழ்மணி ஆரம்பித்தான். "நான் அன்னிக்கே..."

"தொட்டில நானே குனிஞ்சு பாத்தன்யா" என்றார் நஞ்சப்பன்.

பெண்ணையும் லாரியையும் ஹுமேரா மறந்தாள். இந்த நிமிஷத்துக்காக அவள் மூன்று வருஷம் இரும்பு கேட் பற்றவைத்திருக்கிறாள்.

"நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

கழற்றி வரிசையாக வைத்தார்கள். நடுவிலிருந்த இரண்டும் பெட்ரோல் அதிகமாகிக் கரி பிடித்துக் கருத்திருந்தன. ஓரத்து இரண்டும் பெட்ரோல் போதாமல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. வெளுத்த பிளக்குகளில் ஒன்று இருந்த துளை வழியே விளக்கடித்துக் காட்டினாள். பிஸ்டனில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

"ஒரே தட்டுல ரெண்டு புள்ளைங்களுக்குச் சோறு போட்டா, முதல்ல உக்காந்தது மொத்தத்தையும் தின்னுடும். பங்கு பிரிச்சுப் போடணும். இது போடல. மூணு தரம் கேட்டேன். இன்ஜினப் பத்தி உனக்கெதுக்குன்னாரு."

அவள் ஒன்று விடாமல் விளக்கினாள், வேண்டுமென்றே நிதானமாக. பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து நின்று கேட்டார்கள். கடைசியில், "ஜீப்புக்கு ரேடியேட்டர் மாத்தச் சொன்னனா இல்லையான்னும் அவரையே கேளுங்க" என்றாள்.

நஞ்சப்பன் கேட்டார். தமிழ்மணி தரையைப் பார்த்தான்.

"சொல்லுச்சுங்க. நான்தான் மாத்தல. தப்பு என்னுதுதான்."

"காதுல வுழலீங்ணா" என்றாள் ஹுமேரா.

அவன் உரக்கச் சொன்னான். அவள் உடம்பெல்லாம் இனித்தது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள்.

நஞ்சப்பன் அவள் பக்கம் திரும்பினார். "வண்டி இப்படி ஆவும்னு தொட்டில முக்குன அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஜெயித்த மிதப்பில் பொய் வரவில்லை. "தெரியுங்க" என்றாள்.

"தெரிஞ்சும் சொல்லாம வுட்டியா? ஓட்டிக்கிட்டு வந்தது எம்பொண்ணும்மா!"

"அந்த ஜீப்பு விஷயத்துல குனிஞ்சு பாருங்கன்னு கெஞ்சுனேன், பாத்தீங்களா? நான் சொன்னா கேக்கற ஆளுங்களா நீங்க?"

தன் கோபத்தில் இந்த மனுஷருக்கும் ஒரு பங்கு இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. நஞ்சப்பன் பானெட் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரையும் சேர்த்து மடக்கிவிட்டாள்.

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரியதர்ஷினி எழுந்தாள். கையிலிருந்த டீ கிளாஸை நாற்காலியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா கேட்டிருக்க மாட்டாருக்கா. ஆனா தொட்டில முக்குன அன்னிக்கு நானும் உங்க பக்கத்துலதானே நின்னேன். என்கிட்ட சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஹுமேரா ஏதாவது சொல்லியிருப்பாள். அந்தப் பெண் கோபப்படவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். ஹுமேராவால் அவளைப் பார்க்க முடியவில்லை. தமிழ்மணியைப் பார்ப்பதுதான் சுலபமாக இருந்தது. அவனையே முறைத்துக்கொண்டு நின்றாள்.